எஞ்சினில் இருந்த மஞ்சள்

ஏங்க, உங்களைத்தான்.

வாழ்ந்த காலத்தில் உங்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. இப்போதும் இந்த ஒரு சொல்தான் வாயில் வருகிறது. கூப்பிட்டால் "என்னாடி இப்ப" என்று சலித்துக்கொண்டே வந்து நிற்பீர்களே, அந்தச் சலிப்பைக் கேட்பதற்காகவே இன்னொரு தடவை கூப்பிடுகிறேன்.

அரியலூர் ஆஸ்பத்திரி வளாகத்தில், வேப்பமர நிழலில் நிறுத்திய நம் காருக்குள் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். மேலே உங்கள் அக்காவுக்கு டயாலிசிஸ் ஓடிக்கொண்டிருக்கிறது. முடிய மதியம் ஆகும். அதுவரை எனக்கு வேலை ஒன்றும் இல்லை. ஆனால் மனசு ஓரிடத்தில் நிற்கவில்லை. இந்த நாலு நாளில் நடந்ததை உங்களிடம் சொல்லிவிட்டால் அடங்கும் என்று நினைக்கிறேன். சொல்வதற்கு வேறு யார் இருக்கிறார்கள்?

வண்டியை விற்றுவிட்டாயா என்று முதலில் கேட்பீர்கள். விற்கவில்லை. நீங்கள் போன பதினாறாம் நாள் காரியம் முடிவதற்கு முன்பே நான் டிரைவர் சீட்டில் உட்கார வேண்டியதாகிவிட்டது. செவ்வாயும் வெள்ளியும் உங்கள் அக்காவை, அதான் என் அண்ணியை, அரியலூருக்குக் கூட்டிப்போக வேறு ஆள் இல்லை. நீங்கள் ஓட்டக் கற்றுக்கொடுத்தால் கல்யாணமே முறிந்துவிடும் என்று பயந்து, பெரம்பலூர் டிரைவிங் ஸ்கூலில் பணம் கட்டிப் படித்தேனே, அது இப்போது கை கொடுக்கிறது. ஊரில் முதலில் சிரித்தார்கள். பிறகு வழிவிடப் பழகிக்கொண்டார்கள்.

போன செவ்வாய்க்கிழமை செந்துறை தாண்டியதும் சூடு காட்டும் ஊசி ஏறத் தொடங்கியது. ரொம்ப நாளாகவே வண்டி தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. வாரத்துக்கு ஒரு தடவை ரேடியேட்டர் பக்கத்தில் இருக்கும் பாட்டிலில் ஊற்றி நிரப்புவேன். தரையில் ஒரு சொட்டு ஈரம் பார்த்ததில்லை. எங்கே போகிறது என்று தெரியாமலே ஊற்றிக்கொண்டிருந்தேன். அன்றைக்கு ஊசி சிவப்பைத் தொட்டது. பின்னால் சுண்ணாம்புக்கல் லாரிக்காரன் ஹாரனை அழுத்திக்கொண்டே வந்தான். புளியமரத்தடியில் ஒதுக்கி பானெட்டைத் தூக்கினால் குபுகுபுவென்று ஆவி.

பதற்றத்தில் துணியைச் சுற்றி ரேடியேட்டர் மூடியில் கை வைத்துவிட்டேன். உள்ளே மூச்சு வாங்க உட்கார்ந்திருந்த உங்கள் அக்காவுக்கு எங்கிருந்துதான் அந்தக் குரல் வந்ததோ.

"ஏ செல்வி, கைய எட்றி. பள்ளிக்கூடத்துல அவ்ளோ பேருக்கு ஆக்கிப்போடுறவ நீ. குக்கர் விசில் அடிக்கறப்ப மூடியத் தொறப்பியா?"

திறந்திருந்தால் என் முகம் இன்றைக்கு முகமாக இருந்திருக்காது. எஞ்சின் ஆறும்வரை ரோட்டோரம் நின்றோம். பிறகு இருந்த குடிதண்ணீரை எல்லாம் ஊற்றினேன். போதவில்லை. அண்ணிக்கு ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணீர் என்று டாக்டர் சொன்ன அளவில், ஒரு சின்ன பாட்டிலில் பிடித்துக் கையோடு வைத்திருப்பார்கள். வாயில் விட்டு நனைத்து நனைத்துச் சாயங்காலம் வரை ஓட்டுவார்கள். அந்தப் பாட்டிலை ஜன்னல் வழியே நீட்டினார்கள்.

"இந்தா, என் பங்கையும் அதுக்கே ஊத்து. எனக்கு ஒரு மடக்கு குடுக்க அம்புட்டு கணக்குப் பாக்குற. அது மட்டும் கொடங்கொடமாக் குடிக்குது."

அரியலூரைவிட வீடு பக்கம் என்பதால் ஊர்ந்து ஊர்ந்து வீட்டுக்குத் திரும்பினோம். அண்ணியின் முறை தவறிப்போனது. வார்டுக்குப் போன் போட்டேன். நர்ஸம்மா கோபப்படவில்லை, அதுதான் பயமாக இருந்தது.

"இன்னிக்கு மிஷினுக்கு அடுத்த ஆள் போட்டாச்சுங்க. நடுவுல எடம் இல்ல. வெள்ளிக்கெழம கண்டிப்பா கூட்டிட்டு வந்துருங்க. அதையும் விட்டீங்கன்னா நுரையீரல்ல தண்ணி கோத்துக்கும். அதுக்குள்ள மூச்சு முட்டுச்சுன்னா காத்திருக்காதீங்க, 108ஐக் கூப்புடுங்க."

வெள்ளிக்கிழமை என்ன நாள் தெரியுமா? வைகாசி முகூர்த்தம். குன்னத்திலும் செந்துறையிலும் வாடகை வண்டி ஒன்றுகூட மிச்சமில்லை. கேட்ட இடமெல்லாம் கல்யாணத்துக்குப் பேசியாச்சு என்றார்கள். பஸ்ஸில் கூட்டிப்போகலாம் என்றால், நீங்கள் போன புதிதில் ஒரு தடவை அப்படிக் கூட்டிப்போய்த்தான் திரும்பும்போது செந்துறை பஸ் ஸ்டாண்டில் அண்ணி கண் இருட்டி விழுந்தார்கள். மறுபடி அந்த வழி வேண்டாம். இந்த வண்டி ஓட வேண்டும், அவ்வளவுதான்.

உங்கள் குன்னம் மெக்கானிக்குக்குப் போன் போட்டேன். பாவம், அவரையும் குறை சொல்ல முடியாது.

"அக்கா, முகூர்த்தத்துக்கு எல்லாரும் வண்டியக் கேட்டு வாசல்ல நிக்கிறாங்க. திங்கக்கெழம வாரேன். தண்ணி எங்க போவுதுன்னே தெரியலன்னா ஹெட் கேஸ்கட் போயிருக்கும். ஆயில் குச்சிய எடுத்துப் பாருங்க. பால் கலந்த டீ மாதிரி இருந்தா வண்டியத் தொடாதீங்க, எஞ்சினே போயிரும்."

அந்தக் குச்சியை உருவுவதற்குள் எனக்கு உயிர் போய் வந்தது. கன்னங்கரேல் என்று சுத்தமாக இருந்தது. தண்ணீர் ஆயிலில் கலக்கவில்லை, வெளியேதான் எங்கேயோ போகிறது. குக்கரில் கேஸ்கட் தேய்ந்தால் எந்த ஓரத்தில் ஆவி பிரிகிறது என்று கையை வைத்தே கண்டுபிடிக்கிறவள் நான். இதை மட்டும் கண்டுபிடிக்க முடியாதா என்று ஒரு வீம்பு வந்தது.

புதன்கிழமை முழுக்கத் தேடினேன். பள்ளிக்கூடம் லீவு என்பதால் பகலெல்லாம் என்னுடையது. ரேடியேட்டரை விரலால் தடவினேன், பெரிய ரப்பர் ஓஸ் இரண்டையும் அமுக்கிப் பார்த்தேன், அடியில் பழைய அட்டையை விரித்து எஞ்சினை ஓடவிட்டேன். போனில் யாரோ ஒரு தம்பி பேசும் வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். அட்டை காய்ந்தே கிடந்தது. ரேடியேட்டர் பாட்டிலில் மட்டும் தண்ணீர் இறங்கிக்கொண்டே வந்தது. பேய் பிடித்த மாதிரி இருந்தது. அன்றைக்குச் சாயங்காலமே அண்ணிக்குக் கால் வீங்கிவிட்டது. விரலை வைத்து அமுக்கினால் குழி அப்படியே நின்றது.

வியாழக்கிழமை காலையில் எஞ்சினை நன்றாகத் துடைத்துவிட்டுப் பார்ப்போம் என்று மண்ணெண்ணெயும் பழந்துணியுமாக இறங்கினேன். அண்ணி நாற்காலியைப் போடச் சொல்லி வண்டிப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார்கள். நான் ஒவ்வொரு இடமாகத் துடைத்து வந்தேன். தண்ணீர் பம்ப் பக்கத்தில், அடிவாட்டில், ஒரு இடத்தை மட்டும் சுற்றிக்கொண்டு போனேன்.

"அத ஏண்டி வுட்டுட்ட?"

"அது சாமி மஞ்சள் அண்ணி. ஆயுத பூஜைக்கு வச்சது."

உங்களுக்குத்தான் தெரியுமே. வருஷா வருஷம் வண்டியைக் கழுவி, பானெட்டைத் திறந்து, எஞ்சினுக்கு மஞ்சளும் சந்தனமும் வைக்கிறது நான்தான். நீங்கள் எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்தடியில் வைப்பீர்கள். அண்ணி சின்ன வயதில் தாலி அறுத்து நம் வீட்டுக்கு வந்தவர்கள், அன்றைக்கு மட்டும் தூரத்தில் நின்று பார்ப்பார்கள். அந்த மஞ்சளை நாமாகத் துடைக்கக் கூடாது என்பது நம் வீட்டுப் பழக்கம். நீங்கள் போனதிலிருந்து வண்டியை எடுக்கும் முன் பானெட்டைத் திறந்தால், அந்த மஞ்சளைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, உங்களையும் நினைத்துக்கொண்டுதான் சாவியைத் திருப்புவேன்.

அண்ணி எட்டி, ஈரமாக மினுங்கிய அந்த இடத்தைப் பார்த்தார்கள். மூச்சை இழுத்துவிட்டுக்கொண்டு கேட்டார்கள்.

"எந்த ஆயுத பூஜைக்கு வச்ச?"

"போன ஆயுத பூஜைக்குத்தான்" என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் மாதத்தை எண்ணிப் பார்த்துவிட்டேன்.

நீங்கள் போனது ஆடியில். தலைத் திவசம் முடியும்வரை வீட்டில் பண்டிகை கிடையாது. போன ஆயுத பூஜைக்கு நம் வீட்டில் பொரி வாங்கவில்லை, வண்டியைக் கழுவவில்லை, மஞ்சள் குழைக்கவே இல்லை.

"அதுக்கு மொத வருசம் வச்சதா இருக்கும் அண்ணி" என்றேன், எனக்கே நம்பிக்கை இல்லாமல்.

"எஞ்சின் சூட்டுல மஞ்சள் இத்தினி நாளு ஈரமாவா இருக்கும்? தொட்டுப் பாருடி."

தொட்டேன். முதல் தடவையாகக் கும்பிடுவதற்காக இல்லாமல் தொட்டேன். உப்புப் பொரிந்த மாதிரி நறநறவென்றிருந்தது. அடியில் ஈரம். மோந்து பார்த்தால் மஞ்சள் வாசனையே இல்லை, தித்திப்பாக ஒரு மருந்து வாடை. ரேடியேட்டரில் ஊற்றும் பச்சை கூலன்ட் துருவோடு கலந்து, சூட்டில் காய்ந்து காய்ந்து மஞ்சளாக அப்பிக் கிடந்திருக்கிறது. அதற்கு மேலே பம்புக்கும் எஞ்சினுக்கும் நடுவில் விரல் நீளத்துக்கு ஒரு குட்டி ஓஸ். அதன் அடிவயிற்றில் வெடிப்பு. எஞ்சின் சூடானால்தான் அது வாயைத் திறக்கும். கசிந்த தண்ணீர் அங்கேயே எஞ்சின் மேல் காய்ந்துவிடுவதால் தரைக்கு ஒரு சொட்டும் வராது.

ஏங்க, கிட்டத்தட்ட ஒரு வருஷமாக நான் ஒழுகலைக் கும்பிட்டிருக்கிறேன். சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்கச் சிரிக்க அழுகையும் வந்தது. அண்ணியும் சிரித்தார்கள், சிரித்ததில் இருமல் வந்து, இருமலில் மூச்சு முட்டி, நான் ஓடிப்போய் நெஞ்சைத் தடவிவிட வேண்டியதாயிற்று. அப்புறம் இரண்டு பேரும் சிரிக்கவில்லை.

குட்டி ஓஸைக் கழற்றினேன். இழுத்ததும் இரண்டு துண்டாக வந்தது. அதைப் பையில் போட்டுக்கொண்டு, பக்கத்து வீட்டுப் பெண்ணை அண்ணியிடம் உட்கார வைத்துவிட்டு, பெரம்பலூருக்குப் பஸ் ஏறினேன். பஸ் முழுக்கக் கல்யாணத்துக்குப் போகிறவர்கள். பூவும் பட்டுமாக நிற்கிறார்கள், நடுவில் நான் மண்ணெண்ணெய் வாடையோடு. போன் அடிக்கும்போதெல்லாம் அண்ணிக்கு என்னவோ என்று பதறி எடுத்தேன்.

ஸ்பேர்ஸ் கடைக்காரர் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இந்த வண்டிக்கு இப்ப ஓஸ் வர்றதில்லீங்களே. அதே சைஸ்ல நேர் ஓஸ் இருக்கு, அளவுக்கு வெட்டித் தரவா? மெக்கானிக்க ஒரு வார்த்த கேட்டுக்குங்க."

"மெக்கானிக் சரின்னு சொல்லிட்டாருங்க. வெட்டுங்க" என்றேன்.

"யாரு மெக்கானிக்கு?"

"நான்தாங்க."

அவர் ஓஸை அளவுக்கு வெட்டினார். ஓஸோடு இரண்டு புதுக் கிளிப்பும், கொஞ்சம் உப்புத்தாளும் தானாகவே எடுத்து வைத்தார். "அந்தக் குழாய் வாய்ல இருக்குற மஞ்சளயெல்லாம் சொரண்டிட்டு மாட்டுங்கம்மா. அது மேலயே மாட்டுனா புது ஓசும் ஒழுவும்" என்றார்.

வீட்டுக்கு வந்து சுரண்ட உட்கார்ந்தேன். பானெட்டைத் திறக்கும்போதெல்லாம் கண்ணில் ஒற்றிக்கொண்டதை உப்புத்தாளால் தேய்க்கிறேன். விரல், உள்ளங்கை, மணிக்கட்டு வரை மஞ்சளாகிவிட்டது. நீங்கள் போன பிறகு, மஞ்சள் பூசிய மாதிரி என் கையில் அந்த நிறம் ஏறியது அப்போதுதான். எனக்கே திக்கென்றது. நிமிர்ந்து பார்த்தால் அண்ணியும் என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

"இது மஞ்சள் இல்ல அண்ணி, துரு" என்று அவசரமாகப் புடவையில் துடைத்தேன்.

"தெரியுதுடி" என்றார்கள். முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

புது ஓஸைச் செருகி கிளிப்பை முறுக்கினேன். ரொம்ப முறுக்கினால் ரப்பரை அறுத்துவிடும், தளர்வாக விட்டால் கசியும். எது போதும் என்று யாரைக் கேட்பது? கை சொன்ன இடத்தில் நிறுத்தினேன். நம் போர்வெல் தண்ணீர் பாத்திரத்தில் விட்டுவைத்தாலே வெள்ளையாகச் சுண்ணாம்பு படிகிறது, அதை ஊற்ற மனசில்லை. நீங்கள் வண்டிக்குக் கேன் தண்ணீர் வாங்கும்போது பெரிய துரை வீட்டு வண்டி என்று கேலி செய்வேனே, அதே கேன் தண்ணீரில்தான் கூலன்டைக் கலந்து ஊற்றினேன். மூடியைத் திறந்து வைத்தபடி எஞ்சினை ஓடவிட்டு, மேல் ஓஸை அமுக்கி அமுக்கி உள்ளே இருந்த காற்றை வெளியேற்றினேன். கொப்புளம் கொப்புளமாக வந்து கடைசியில் நின்றது. அவ்வளவு தண்ணீரும் உள்ளே இறங்குவதை அண்ணி கண் கொட்டாமல் பார்த்தார்கள். உதடு வெடித்திருந்தது. ஒரு மடக்குக் கொடுத்துவிடலாமா என்று வந்த ஆசையை எப்படி அடக்கினேன் என்று எனக்குத்தான் தெரியும்.

இன்றைக்குக் காலையில் கிளம்பினோம். அண்ணியால் சாய்ந்து உட்கார முடியவில்லை. முன்னால் குனிந்து டாஷ்போர்டைப் பிடித்துக்கொண்டார்கள். எனக்கு ஒரு கண் ரோட்டில், ஒரு கண் ஊசியில். செந்துறை தாண்டியது. அந்தப் புளியமரம் வந்தது, போனது. ஊசி பாதியிலேயே நின்றது. அப்பாடா என்று மூச்சுவிட்ட இடத்தில் ரோடு அடைத்துக்கொண்டு நின்றது. கல்யாண மண்டபம். இரண்டு பக்கமும் கார், வேன், நடுவில் பேண்டு வாத்தியம்.

நின்ற இடத்தில் ஊசி நகர ஆரம்பித்தது. எஞ்சினை அணைத்தால் மறுபடி எடுக்குமோ எடுக்காதோ. அணைக்காவிட்டால் கிளிப் தாங்குமா? சூடானால் ஃபேன் ஓட வேண்டும். ஓடவில்லை. ஹீட்டரைத் திருகினால் எஞ்சின் சூட்டைக் கொஞ்சம் இழுக்கும் என்று அந்த வீடியோ தம்பி சொல்லியிருந்தான். ஆனால் அந்த அனல் அண்ணி முகத்தில்தானே அடிக்கும்? மூச்சுக்குத் திணறுகிற மனுஷி. திருகில் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தேன்.

"என்னத்த பாக்குற. போட்றி" என்றார்கள். வார்த்தைக்கு ஒரு மூச்சு.

நான் திருகுவதற்குள் முன்னால் கர்ரென்று ஒரு சத்தம். ஃபேன் ஓடியது. ஊசி கொஞ்சம் யோசித்துவிட்டு இறங்கியது. நான் கதவைத் திறந்து, பட்டு வேட்டியில் நின்ற ஒரு பையனிடம், "தம்பி, டயாலிசிஸ் பேஷன்ட்" என்றேன். அவன் உள்ளே எட்டிப் பார்த்தான். அவ்வளவுதான், பேண்டுக்காரர்களையே ஓரமாகத் தள்ளிவிட்டான். "வாங்கத்தே, ஒடிச்சு வாங்க, வாங்க" என்று வண்டிக்கு முன்னால் ஓடினான். மாப்பிள்ளை கார் ஒதுங்கி நமக்கு வழிவிட்டது.

ஆஸ்பத்திரி வாசலில் சக்கர நாற்காலி வந்தது. நர்ஸம்மா அண்ணியின் காலைப் பார்த்தார்கள், என் முகத்தைப் பார்த்தார்கள், ஒன்றும் கேட்காமல் தள்ளிக்கொண்டு ஓடினார்கள். லிஃப்ட் மூடுவதற்குள் அண்ணி என் கையைப் பிடித்து இழுத்தார்கள். ஏதோ வலி என்று குனிந்தேன்.

"நேத்து ஒன் கையப் பாத்தேன்டி. மஞ்சளா, நல்லாத்தான் இருந்துச்சு. இந்த வருசம் ஆயுத பூஜைக்கு வண்டிக்கு நீயே வையி. எவ கேக்குறான்னு நான் பாக்குறேன்."

இத்தனை வருஷம் தூரத்தில் நின்று பார்த்தவர்கள் சொன்ன வார்த்தை இது. நீங்கள் இருந்திருந்தால் இதை உங்கள் அக்கா சொல்லியிருப்பார்களா? அவர்கள் தாலி அறுத்து வந்தபோதே யாராவது ஒருத்தர் இதை அவர்களிடம் சொல்லியிருக்க வேண்டாமா?  நாமாவது சொல்லியிருக்கலாம்.

இப்போதுதான் பானெட்டைத் திறந்து பார்த்தேன். புது ஓஸ் கறுப்பாக, காய்ந்து இருக்கிறது. ரேடியேட்டர் பாட்டிலில் தண்ணீர் விட்ட இடத்திலேயே நிற்கிறது. மேலே போய் எட்டியும் பார்த்துவிட்டேன்; அண்ணி சாய்ந்து படுத்து, வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறார்கள். மூச்சு சீராக இருக்கிறது.

உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். திவசம் முடிந்து வருகிற ஆயுத பூஜைக்கு வண்டியைக் கழுவி, மஞ்சள் குழைத்து, முன்கண்ணாடியில் என் கையால் வைப்பேன். பக்கத்தில் ஒரு பொட்டு உங்கள் அக்கா வைப்பார்கள். எஞ்சினில் மட்டும் இனி வைக்க மாட்டேன். அங்கே மஞ்சளைப் பார்த்தால் நான் கும்பிடக் கூடாது, ஸ்பேனரை எடுக்க வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் அக்காவை வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு போகிற,
உங்கள் பொண்டாட்டி செல்வி